வன்னிப் பெண்களும் உளவளத்துணையும்: எந்தக் கதவு எதற்கு?

மனம் நொந்துபோன ஒரு பெண் வன்னியில் முதலில் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் உளவளத்துணையாளரின், அதாவது மனத்துயரைப் பேசித் தணிக்க உதவுபவரின், அறை அல்ல, வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, நாரி உளைவு, சாப்பாடு செல்லாமை, நடுச்சாமத்தில் விழித்தால் பிறகு நித்திரை வராமை என்று உடம்பின் முறைப்பாடுகளாகவே அவருடைய துன்பம் வெளியே வருகிறது. காலையில் துண்டு எடுத்து, வாங்கில் நெடுநேரம் இருந்து, வைத்தியரின் முன்னால் கிடைக்கும் சில நிமிடங்களில் அவர் சொன்னதற்குப் பரசிற்றமோலும் வயிற்றெரிவுக் குளிசையும் எழுதப்படுகின்றன. அடுத்த மாதமும் அதே முறைப்பாட்டோடு வருவார். அவர் சொல்லும் நோவு பொய்யல்ல. மனச்சோர்வும் பதகளிப்பும் (ஓயாத பதற்றமும் அச்சமும்) உடம்பில் உண்மையாகவே நோவை உண்டாக்கும். ஆனால் அந்த நோவுக்கு இன்னொரு கதவு இருக்கிறது என்பதை அந்த வரிசையில் யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

உளவளத்துணைக்கு இங்கே ஆட்களே இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆட்கள் போதாது என்பது உண்மைதான். ஆனால் இருப்பவர்களும் சுகாதாரத் திணைக்களம், பிரதேச செயலகம், தொண்டு நிறுவனம், பாடசாலை என்று வெவ்வேறு கூரைகளின் கீழ், வெவ்வேறு பதவிப் பெயர்களோடு சிதறிக் கிடக்கிறார்கள். இவர்களில் யார் எதற்கு உரியவர் என்பதை அறியாமல் தவறான கதவைத் தட்டும் பெண், அங்கே ஒரு முறை ஏமாந்தால் மறுபடி எந்தக் கதவையும் தட்டுவதில்லை. வன்னிப் பெண்கள் உதவியை நாடத் தயங்குவதற்குக் கூச்சத்தையும் ஊர்ப்பேச்சையும் காரணமாகச் சொல்கிறோம். இந்த முதல் ஏமாற்றத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்பதே என் கணிப்பு.

இந்தச் சிதறலுக்கு ஒரு வரலாறு உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துச் சென்ற பிறகே உளசமூகப் பணி என்பது இப்பகுதி மக்களுக்குப் பரவலாகத் தெரிய வந்தது. கொழும்பைச் சூழ்ந்த பெரிய மனநல வைத்தியசாலைகளுக்குள் ஒடுங்கியிருந்த சிகிச்சையை மாவட்டங்களுக்குப் பரவலாக்க வேண்டும் என்ற தேசிய உளநலக் கொள்கையும் 2005 இல்தான் வந்தது. ஆனால் கொள்கை வன்னியில் வேர்பிடிக்கும் முன்னரே போர் மீண்டது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது உயிரோடு வெளியே வந்தவர்களில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவற்றில் மிகப் பெரியதான செட்டிகுளம் மெனிக் பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. மக்களின் மனங்களுக்கு மிகுந்த உதவி தேவைப்பட்ட அந்த ஆண்டுகளிலேயே, வடக்கின் மீள்குடியேற்றத்தைக் கையாண்ட ஜனாதிபதி செயலணி வீதி, வீடு, கிணறு என்ற திட்டங்களுக்குக் கொடுத்த இடத்தை உளசமூகத் திட்டங்களுக்குக் கொடுக்கவில்லை. அனுமதி கேட்ட தொண்டு நிறுவனங்கள் பல, தையல் பயிற்சி, கோழி வளர்ப்பு என்ற தலைப்புகளுக்குள்ளேதான் பெண்களோடு மனம்விட்டுப் பேசுவதற்கு இடம் தேட வேண்டியிருந்தது. பின்னர் கெடுபிடி தளர்ந்து திட்டங்கள் வந்தன. நிதி முடிந்ததும் அவை போயும் விட்டன. தன் கதையை ஒருவரிடம் சொல்லத் தொடங்கிய பெண், அடுத்த ஆண்டு வேறொருவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. சிலருக்கு அது அலுத்துப்போனதில் வியப்பில்லை.

துன்பத்தின் அளவைப் பற்றி நம்பத்தக்க ஆய்வுகள் சில உண்டு. போர் முடிந்த உடனேயே, 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில் 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 32.6 வீதமானோரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 7 வீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடுவின் (PTSD) அறிகுறிகளும் காணப்பட்டன. ஆண்களைவிடப் பெண்களிடம் இவை கூடுதலாக இருந்தன. அது யாழ்ப்பாணத்தின் கணக்கு என்பதையும், இறுதிப் போர் வன்னி மண்ணிலேயே நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த எண்களில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, மனவடுவைவிட மனச்சோர்வும் பதகளிப்புமே பல மடங்கு கூடுதலாக இருப்பது. குண்டுச் சத்தத்தின் நினைவைவிட அதன் பிறகு வந்த வறுமையும் தனிமையும் கடனும்தான் பல பெண்களை நாளாந்தம் அரிக்கின்றன. உளவளத்துணை என்றால் போர் நினைவுகளைக் கிளறுவது என்று எண்ணி ஒதுங்கும் பெண்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

இனி, யார் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். மாவட்டப் பொது வைத்தியசாலைகளில், அதாவது கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நகரங்களிலும் முல்லைத்தீவுக்கு மாஞ்சோலையிலும், உளநலச் சிகிச்சைக்கான கிளினிக் உண்டு. மனநல வைத்திய நிபுணரோ, உளநலத்தில் பயிற்சி பெற்ற மருத்துவ அதிகாரியோ அதை நடத்துவார். மருந்து எழுதும் அதிகாரம் உள்ளவர்கள் இவர்களே. நோயா, தாங்க முடியாத துயரமா, தைரொயிட் போன்ற உடற்கோளாறா என்று பிரித்தறியக் கூடியவர்களும் இவர்களே. தூரத்து ஊர்களின் வைத்தியசாலைகளுக்கு உளநலக் குழு குறித்த நாட்களில் வந்துபோவதும் உண்டு. உங்கள் ஊர் வைத்தியசாலைக்கு அவர்கள் எந்த நாளில் வருகிறார்கள் என்பதை அங்குள்ள தாதியரிடம் கேட்டறியலாம். அரச சேவை என்பதால் இவற்றுக்குப் பணம் இல்லை.

பிரதேச செயலகத்தில் இருப்பவர்கள் வேறு வகையினர். உளவளத்துணை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூக சேவைகள் உத்தியோகத்தர் என்று பதவிகள் உண்டு. எல்லாச் செயலகத்திலும் எல்லா இடமும் நிரம்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. இவர்கள் மருந்து தருவதில்லை. ஆனால் கணவன் மனைவிப் பிணக்கு, பிள்ளையின் படிப்பு, கொடுப்பனவு, தொழில் உதவி போன்ற வாழ்க்கைச் சிக்கல்களோடு பின்னிக்கிடக்கும் மனத்துயருக்கு இவர்களே பொருத்தமானவர்கள். காரணம் எளியது. மனச்சுமையின் பாதி ஒரு விண்ணப்பப் படிவத்தில் தங்கியிருக்கும்போது, அந்தப் படிவம் இருக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே உளவளத்துணையும் இருப்பது நல்லது.

மூன்றாவதும், என் பார்வையில் மிகவும் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும், வீட்டுப் படலைக்கே வரும் ஒரு வழி. கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின் பின்னும் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரையே சொல்கிறேன். பிள்ளையின் நிறையைக் குறிக்க வருபவரிடம் தாயின் மனநிலையைப் பேசலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு முதல் சில நாட்கள் அழுகை வருவதும் எரிச்சல் வருவதும் இயல்பு, தானாக ஓய்ந்துவிடும். அது இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால், பிள்ளையில் பற்று வரவில்லை என்றால், தான் இல்லாவிட்டால் நல்லது என்ற எண்ணம் எழுந்தால் அது மனச்சோர்வு. அதற்குச் சிகிச்சை உண்டு, பாலூட்டிக்கொண்டே எடுக்கக் கூடிய மருந்துகளும் உண்டு. யாரோ பேசுவது போலக் காதில் கேட்பது, பிள்ளை தன்னுடையதல்ல என்று சொல்வது, நாட்கணக்கில் நித்திரையின்றி அலைவது போன்றவை கண்டால் கோயிலுக்கோ பார்வை பார்ப்பவரிடமோ கொண்டுபோய் நாளைக் கடத்தாமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பப் பெண்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வன்னியில் உளவளத்துணை மிக அதிகமாகத் தவறிப்போகும் இடம் இதுதான். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் தொடங்கிய போராட்டம் வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் பரவி ஆண்டுக்கணக்கில் நீண்டது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் நிறைவேறி, அலுவலகம் 2018 இல் இயங்கத் தொடங்கியது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறுவதற்கும் 2016 இல் சட்டத்தில் இடம் செய்யப்பட்டது. ஆனால் தாயின் கேள்வி சான்றிதழ் பற்றியதல்ல. பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாத நிலையை அமெரிக்கக் குடும்ப உளவியலாளர் போலின் பொஸ், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களை ஆராய்ந்த காலத்திலிருந்தே விளக்கி வந்திருக்கிறார். அவர் சொல்வதன் சாரம், இத்தகைய இழப்பில் துக்கம் உறைந்து நிற்பது அந்தப் பெண்ணின் மனக்கோளாறு அல்ல, சூழ்நிலையின் கோளாறு என்பதே.

நம் சமூகத்தில் இந்த உறைவு நாளாந்தக் காரியங்களில் வெளிப்படுகிறது. கணவன் காணாமற்போன பெண் பொட்டு வைப்பதா, நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்பதா, அவரின் படத்துக்கு மாலை போடுவதா விடுவதா என்பதற்கு விடையில்லை. ஆடி அமாவாசை வரும்போது தகப்பனுக்கு விரதம் இருப்பதா என்று மகன் கேட்டால், ஆம் என்பது அவரைக் கொன்றுவிடுவது போலவும், இல்லை என்பது பித்ருக் கடனைத் தவறவிடுவது போலவும் தாய்க்குப் படுகிறது. இந்தப் பெண்ணிடம் “இனி அவர் வரமாட்டார் எண்டதை ஏற்றுக்கொள்ளுங்கோ அம்மா” என்று சொல்லும் உளவளத்துணையாளர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம், ஆனால் அந்த வாக்கியத்தோடு கதவு மூடிவிடும். அந்தப் பெண்ணிடம் கணவர் வருவார் என்று நம்பச் சொல்லவும் கூடாது, நம்பிக்கையைக் கைவிடச் சொல்லவும் கூடாது. இரண்டும் ஒன்றாக இருக்கும் மனதோடு எப்படிச் சமைப்பது, தூங்குவது, வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பது என்பதற்குத் துணை நிற்பதே உளவளத்துணையாளரின் வேலை. ஒரே நிலையில் உள்ள பெண்கள் கூடிப் பேசும் குழுக்கள் தனி அமர்வுகளைவிட இங்கே நன்றாக உதவுகின்றன. யாழ்ப்பாணத்தின் மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனி மனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்றும், மருந்தும் கூட்டாகவே தேடப்பட வேண்டும் என்றும் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்ததற்கு இந்தப் பெண்களே சான்று.

கடன் பற்றியும் ஒரு வார்த்தை. நுண்கடன் நிறுவனங்களின் கிழமைத் தவணை பல வீடுகளில் பெண்ணின் பெயரிலேயே இருக்கிறது. வசூலிப்பவர் வாசலில் நிற்கும் பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுப்பது அவரைக் கேலி செய்வதற்குச் சமம். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த சிறு கடன்களுக்கு அரசே 2018 இல் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. அந்த அளவுக்கு அது பொதுச் சிக்கல், தனிப்பட்ட பெண்ணின் கெட்டித்தனக் குறைவல்ல. அவரைப் பிரதேச செயலகத்தின் உரிய உத்தியோகத்தரிடம் இணைத்துவிடும் உளவளத்துணையாளரே வேலை தெரிந்தவர்.

வீட்டில் அடி உதை இருந்தால் வழி வேறாகிறது. பெரிய அரச வைத்தியசாலைகள் பலவற்றில் ‘நட்பு நிலையம்’ என்ற பெயரில் ஒரு பிரிவு இயங்குகிறது. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் அங்கே இருப்பார்கள். பொலிசுக்குப் போகும் முடிவு எடுக்காமலே அங்கே பேசலாம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெற முடியும். பெண்களுக்கான அரச உதவித் தொலைபேசி 1938. இப்படிப்பட்ட வீட்டில், முதல் சந்திப்பிலேயே கணவனையும் கூட்டிக்கொண்டு வரும்படி சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அடிப்பவனின் முன்னால் உண்மையைப் பேசிவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியவர் அந்தப் பெண்தான்.

ஆளைக் கண்டுபிடித்த பிறகு வரும் தடை இரகசியம். வன்னிக் கிராமங்களில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். உத்தியோகத்தர் மச்சாளின் ஒன்றுவிட்ட தங்கையாக இருப்பார், கோயில் நிர்வாகத்தில் அவருடைய மாமா இருப்பார். முன்னாள் பெண் போராளிகளுக்கு இதற்கு மேலும் ஓர் அச்சம் உண்டு. தாம் சொல்வது எந்தக் கோப்புக்குள் போகும், அந்தக் கோப்பு யார் கைக்குப் போகும் என்ற கேள்வியை, புனர்வாழ்வு முகாமையும் அதற்குப் பிந்திய விசாரணைகளையும் கடந்து வந்தவர் கேட்பது நியாயமானது. எனவே முதல் சந்திப்பில் கதை சொல்லத் தொடங்கும் முன் நீங்களே சில கேள்விகளைக் கேட்கலாம். “மிஸ், நான் சொல்லுறதை எழுதி வைப்பீங்களோ? ஆர் ஆர் பாப்பினம்?” என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல உளவளத்துணையாளர், எதை இரகசியமாக வைப்பார், எந்த நிலையில், அதாவது உங்கள் உயிருக்கோ ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால், வெளியே சொல்ல வேண்டிவரும் என்பதை அப்போதே தெளிவாகச் சொல்வார். எதையும் எவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்பவரைவிட இந்த எல்லையைச் சொல்பவரையே நம்பலாம். கதவு மூடக்கூடிய அறை இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டம் நிற்கும் மண்டபத்தின் மூலையில் இரண்டு கதிரை போட்டு நடப்பது உளவளத்துணை ஆகாது. சொந்த ஊரில் வேண்டாம் என்றால் பக்கத்துப் பிரிவுக்கோ மாவட்ட வைத்தியசாலைக்கோ போகலாம். முல்லைத்தீவுப் பெண் வவுனியா கிளினிக்குக்குப் போவதில் குற்றமில்லை, பஸ் காசும் ஒரு நாள் கூலியும்தான் இழப்பு, அதுவே பலருக்குப் பெரிது என்பதையும் மறைக்க முடியாது.

ஆளின் தகுதியைப் பொறுத்தவரை, வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவச் சபையின் பதிவு இருக்க வேண்டும். உளவளத்துணையாளர் என்ற பெயர்ப்பலகைக்கு அத்தகைய இறுக்கமான கட்டுப்பாடு இல்லாததால், சில மாதச் சான்றிதழ் படித்தவரும் அந்தப் பெயரில் இருப்பார், பல்கலைக்கழகத்தில் படித்து மேற்பார்வையின் கீழ் ஆண்டுக்கணக்கில் பழகியவரும் அதே பெயரில் இருப்பார். எங்கே படித்தீர்கள், உங்களுக்கு மேற்பார்வை செய்பவர் யார் என்று கேட்கலாம். சான்றிதழைவிடச் சில நடத்தைகள் தெளிவாகக் காட்டிக்கொடுத்துவிடும். உங்களைவிடக் கூடுதலாகத் தானே பேசுவது, “பிள்ளையளுக்காகப் பொறுத்துப் போங்கோ” என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்வது, மதம் மாறினால் சுகம் வரும் என்பது, திட்ட அறிக்கைக்காக உங்களைப் படம் எடுப்பது போன்றவற்றில் ஒன்றைக் கண்டாலும் எழுந்து வந்துவிடலாம். ஆண் உளவளத்துணையாளரிடம் பேச முடியாது என்றால் பெண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. பாலியல் வன்முறை பற்றிப் பேச வேண்டியிருந்தால் கேட்டேயாக வேண்டும்.

மருந்து பற்றிய பயம் தேவைக்கு அதிகமாக இருக்கிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் புளுஒக்செட்டின், சேட்ரலின் போன்ற குளிசைகள் அடிமையாக்குபவை அல்ல. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டலும் பதற்றமும் மட்டும் தெரிய, மருந்து ஒத்துவரவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்தும்போது வைத்தியர் சொல்லும்படி படிப்படியாக நிறுத்த வேண்டும்.

கோயிலையும் மடு மாதாவையும் விட்டுவிட்டு உளவளத்துணைக்கு வாருங்கள் என்று சொல்லும் ஆட்களோடு எனக்கு உடன்பாடில்லை. வற்றாப்பளை கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு நேர்த்தி வைத்துப் போகும் பெண்ணுக்கு அங்கே கிடைக்கும் ஆறுதல் உண்மையானது. கூட்டத்தோடு அழுவதற்கும் இறக்கி வைப்பதற்கும் அதைவிடப் பெரிய இடம் இந்த மண்ணில் இல்லை. நேர்த்தியும் கிளினிக் கொப்பியும் ஒரே பையில் இருக்கலாம். குளிசையை நிறுத்தச் சொல்பவரும், பேய் ஓட்டுவதாக அடிப்பவரும், கழிப்புக்கென்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவரும்தான் தவிர்க்கப்பட வேண்டியவர்கள்.

தொலைபேசி வழி உதவி தூரத்தைக் குறைக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இரவு பகலாக இயங்குகிறது, தமிழில் பேச வேண்டும் என்று கேட்கலாம். 1333 என்ற இலக்கத்திலும் கட்டணமின்றி உளவளத்துணை கிடைக்கிறது. வெளிநாட்டு உறவினர் ஏற்பாடு செய்யும் இணையவழிச் சந்திப்புகளும் இப்போது உண்டு. வீட்டில் ஒரே கைபேசியைப் பலர் பாவித்தால், பேசி முடித்ததும் அழைப்புப் பதிவை அழித்துவிடுவது நல்லது. சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு பெண்ணுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல், தோட்டத்துப் பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றிவிட்டு, அருகிலுள்ள வைத்தியசாலைக்கு எந்த நேரமானாலும் கூட்டிச் செல்ல வேண்டும். இலங்கையில் தற்கொலை வீதம் 1995 இல் இலட்சத்துக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டுப் பிறகு பாதிக்கும் கீழே இறங்கியதற்குக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தது முதன்மையான காரணம். கைக்கெட்டும் தூரத்திலிருந்து நஞ்சை அகற்றுவது எவ்வளவு பயன்தரும் என்பதை நாடளாவிய அளவிலேயே பார்த்துவிட்டோம்.

அரச உத்தியோகத்தருக்கு இடமாற்றம் வரும், தொண்டு நிறுவனத் திட்டத்துக்கு முடிவுத் திகதி வரும். அதனால் தொடக்கத்திலேயே எத்தனை சந்திப்பு, எவ்வளவு காலம் என்று கேட்டு வைப்பதும், அவர் போகும் முன் அடுத்தவருக்கு ஒரு கடிதம் தரும்படி கேட்பதும் அவசியம். அந்தக் கடிதத்தில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. நடந்தவற்றை விபரமாக எழுத வேண்டியதில்லை. எடுக்கும் குளிசையின் பெயர், அளவு, எப்போதிலிருந்து எடுக்கிறீர்கள், எது உதவியது, எது உதவவில்லை என்பவை இருந்தால் போதும். அதைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டால் அடுத்த அறையில் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிராது.